மேற்படி சாமியின் துப்பாக்கி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். சாமியை வைத்துச் சிரிப்பு மூட்டினால் பாவம் வருமோ என்று பயம். நீறு பூசாமல் காபிகூடக் குடிக்காதவன் நான். ஆனால் நடந்ததில் சிரிப்புதான் அதிகம். அதற்கு நானா பொறுப்பு?

சுரங்கத்துக்காக எங்கள் ஊரைக் காலி செய்தபோது எனக்கு வேலையும் குவார்ட்டர்ஸும் கிடைத்தன. எங்கள் ஐயனாருக்கு வடலூர் ரோட்டுப் பக்கம் மாற்று இடம் கிடைத்தது, கூரைதான் கிடைக்கவில்லை. அப்பா காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று என் பேரில் லைசென்ஸோடு இருந்தது. காணும் பொங்கலன்று ஐயனார் குதிரை வாகனத்தில் ஏறிப் பாரிவேட்டைக்குப் புறப்படுவார். நான் குண்டு போடாமல் வெறும் மருந்து கெட்டித்து வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவேன். அது கேட்டால்தான் தூக்குகிறவர்கள் தோள் கொடுப்பார்கள். மற்ற நாளெல்லாம் துப்பாக்கி பூஜை மாடத்தருகே சந்தனப் பொட்டோடு சாய்ந்திருக்கும்.

லைசென்ஸைப் புதுப்பிக்க மனுப் போட்டேன். விசாரிக்க வந்த போலீஸ்காரர் மதுரைப் பக்கத்து ஆள், ஊருக்குப் புதிது. நான் ஷிப்டில் இருந்தேன். என் மனைவிதான் பதில் சொன்னாள்.

"யாரும்மா இதை வச்சிருக்கிறது?"

"சாமியோடதுங்க. எங்கூட்டுக்காரரு தொடச்சி வெப்பாரு, அவ்ளோதான்."

"சாமி என்ன பண்ணுவாப்ல?"

"வருசா வருசம் வேட்டைக்கிப் போவாருங்க."

"எங்க இருக்காப்ல?"

"ஊரு காலி பண்ணதுலேர்ந்து வூடு வாசலு இல்லாம வெயில்ல நின்னுகினு இருக்காருங்க, பாவம்."

அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, மோர் குடித்துவிட்டுப் போனாராம்.

கொஞ்ச நாளில் லைசென்ஸ் கிடையாது என்று தகவல் வந்தது. துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். ஏன் என்று கேட்டதற்கு, "ஏன்னு கேக்க நீ யாருய்யா?" என்றார் இன்ஸ்பெக்டர். பொங்கல் நெருங்கியது. வெடி இல்லாமல் சாமி எப்படிப் புறப்படும்? ஷிப்டு சங்கு ஊதும்போது கிளப்பிவிடலாம் என்றார் பூசாரி. ஐயனாரை வேலைக்கு அனுப்புவது போலிருந்தது எனக்கு.

என்னோடு வேலை பார்த்த யூனியன்காரர் ஒருவர், கோயில் பக்கமே தலைவைக்காதவர், சொன்னார்: "காரணத்த எழுத்துல கேளுய்யா. இப்ப வந்த புது ஆயுதச் சட்டப்படி கேட்டா குடுத்தாவணும். அத வெச்சிகினு மேல அப்பீல் போடு. எனக்குச் சாமி நம்பிக்க இல்ல, சட்டத்து மேல கொஞ்சம் இருக்கு."

அவர் சொன்னபடி எழுதிக் கேட்டேன். காரணம் வந்தது: துப்பாக்கியைச் சாமி என்பவரிடம் ஒப்படைத்திருக்கிறேனாம். மேற்படி சாமி வேட்டையாடும் பழக்கமுள்ளவர், நிலையான இருப்பிடம் இல்லாதவர். படித்துவிட்டு ஐயனாரிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்கும்போதே சிரிப்பு வந்தது.

அப்பீல் போட்டேன். கடலூருக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி கோப்பைப் புரட்டினார்.

"யாருய்யா இந்தச் சாமி? கூட்டிக்கிட்டு வரலாமில்ல?"

"எட்டுப் பேரு தூக்கணுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். குதிரை, கூரை எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எத்தனை பன்னி அடிச்சிருக்காரு?" என்றார்.

"இதுவரைக்கும் ஒண்ணும் சிக்கலைங்க."

பொங்கலுக்கு முன்பே லைசென்ஸும் துப்பாக்கியும் கைக்கு வந்தன. வெடி போட்டேன், சாமி புறப்பட்டார். பந்தோபஸ்துக்கு வந்திருந்த அந்த மதுரைக்காரர் என் மனைவியிடம், "இவருதானா அந்தச் சாமி?" என்று கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இப்போது சிலர், ஐயனாரே கிழவர் வேஷத்தில் கடலூர் போய்ச் சாட்சி சொன்னதாகக் கதை கட்டுகிறார்கள். அவர் வரவில்லை. வெயிலில்தான் நின்றிருந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே போனவன் நான். காரணத்தை எழுதிக் கேட்டதால்தான் வெடி கேட்டது. இதை யாரிடம் சொன்னாலும் இப்படியே சொல்லுங்கள். சாமிக்கு இல்லாத அலைச்சலைச் சேர்க்காதீர்கள்.