டிராக்டர் ஏறாத கால்

வைத்தியலிங்கத்தின் இடது கால் ஏன் இழுக்கிறது என்று காரைக்கால் பக்கத்து நெரவியில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். எண்பத்தேழாம் வருஷம், ஐப்பசி கடைசி, பெரிய வாய்க்கால் மதகடி, பூமிநாதன் டிராக்டரை ஏற்றிவிட்டான். பெற்ற பிள்ளையின் பிறந்த தேதியைக் கேட்டால் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற ஆட்கள்கூட இந்தத் தேதியை மட்டும் தடுமாறாமல் சொல்வார்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. வைத்தியலிங்கத்துக்குத் தெரியும். கதையைக் கிளப்பியவரே அவர்தான்.

அவர் இந்திய ராணுவத்தில் பதினேழு வருஷம் இருந்தவர். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காரைக்காலில் பட்டாளத்தார் என்று சொன்னால் முதலில் "பிரான்ஸுங்களா?" என்பார்கள். "இல்லீங்க, நம்ம பட்டாளம்" என்றால், "ஓகோ" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார்கள். அந்த "ஓகோ"வுக்கெல்லாம் அவர் பழகிவிட்டார். பழகாதது ஒன்று உண்டு. வருஷா வருஷம் நடக்கும் முன்னாள் ராணுவத்தார் கூட்டத்தில், சண்டையில் அடிபட்டவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு, பேரைப் படித்துத் துண்டு போடுவார்கள். இவர் காலை இழுத்துக்கொண்டு பின்னால் நிற்பார். பக்கத்தில் நிற்பவன் எவனாவது, "நமக்கு ஆக்சிடென்ட் கேசுதானே?" என்பான். அன்றைக்கு இவருக்குச் சாப்பாடு இறங்காது.

நடந்தது இதுதான். அந்த வருஷம் இவருடைய படை யாழ்ப்பாணத்தில் இருந்தது. ஒரு காலைப் பொழுதில் ரோந்து போகும்போது பக்கத்தில் குண்டு வெடித்து, தொடையில் சில்லு பாய்ந்தது. இவருக்கோ மறுநாள் லீவு. ஒரு வருஷத்துக்கு அப்புறம் கிடைத்த லீவு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் லீவு போய்விடும் என்று மேலே சொல்லாமல், கோட்டயத்துக்கார நர்சிங் அசிஸ்டென்ட் ஒருவரிடம் கெஞ்சி, கண்ணுக்குத் தெரிந்த சில்லை எடுத்துக் கட்டுப் போட்டுக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார்.

நெரவியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கடையெல்லாம் அடைப்பு. கடைத்தெருவில் பந்தல் போட்டு, கடலுக்கு அந்தப் பக்கம் இந்திய ராணுவம் நடத்திய சண்டையில் செத்துப்போன தமிழ் ஜனங்களுக்காக உண்ணாவிரதம். இவருடைய சொந்தச் சித்தப்பாவே பந்தலில் உட்கார்ந்து ரேடியோவைக் கேட்டு அழுதுகொண்டிருந்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டு வயல் வழியாக நடந்தார். மதகடியில் டிராக்டர் ஒன்று வாய்க்காலுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு கிடந்தது. கரையில் இருபது வயசு பூமிநாதன், சேறடித்த கூலியைச் சாராயக்கடையில் கொடுத்துவிட்டு வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். எதிரே வந்த மாரிக்கண்ணு கேட்டார்: "என்ன வைத்தி, காலு?"

வைத்தியலிங்கம் டிராக்டரைப் பார்த்தார். "இந்தப் பய ஏத்திட்டான்" என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. நாலாம் நாள் கால் சீழ் வைத்து ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். அங்கேயும் டிராக்டர் என்றே எழுதவைத்தார். அந்தச் சீட்டுதான் லீவு நீட்டிப்புக்காகப் படைக்குப் போனது. ஆக, சர்க்காரின் ஃபைலிலும் இவருக்கு டிராக்டர் ஏறிவிட்டது.

பூமிநாதன் அதற்குப்பிறகு குடிக்கவில்லை. ஸ்டீரிங்கையும் தொடவில்லை. கீழவாஞ்சூரில் துறைமுகம் வந்து, கூடத் திரிந்தவனெல்லாம் நிலக்கரி லாரி ஓட்டி மாடி வீடு கட்டியபோது, இவன் அதே லாரிகளுக்குத் தார்ப்பாய் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு சைக்கிள் வைத்திருந்தான். வைத்தியலிங்கத்துக்கு ராணுவக் கேன்டீன் போகவேண்டுமா, பேங்க் போகவேண்டுமா, கேரியரைத் துடைத்துவிட்டு வாசலில் வந்து நிற்பான். சோம்பேறிப் பயல், லாரி ஓட்ட உடம்பு வணங்காமல் சைக்கிளில் சுற்றுகிறான் என்றுதான் வைத்தியலிங்கம் இத்தனை காலமும் நினைத்திருந்தார். நினைக்க வசதியாகவும் இருந்தது.

போன வருஷம் முட்டிவலி அதிகமாகி எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் பிலிமை வெளிச்சத்தில் மாட்டினார். முட்டிக்கு மேலே, தொடைச்சதையில், பச்சரிசி சிந்தினாற்போல மூன்று வெள்ளைப் புள்ளி.

"இது என்னங்க, இரும்புச் சில்லு மாதிரி இருக்கு?"

"டிராக்டருங்க" என்றாள் வடிவாம்பாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம். அவளுக்குத் தெரிந்தது அதுதான்.

"டிராக்டர் ஏறுனா எலும்பு நொறுங்கும்மா. இது வெடிச்சு உள்ள போனது."

வடிவாம்பாள் புருஷனைப் பார்த்தாள். அவர் எடை பார்க்கும் மெஷினைப் பார்த்தார். வீட்டில் எல்லாவற்றையும் கேட்டு முடித்ததும் சொன்னாள்:

"உன்கூட ஒரே பாயில படுத்திருக்கேன், என்கிட்டயே சொல்லலை. நொண்டி நொண்டின்னு எத்தனை தடவை வஞ்சிருக்கேன். ஒரு தடவையாச்சும் ஏன்டின்னு கேட்டிருக்கக் கூடாதா? எழுதிப் போடு. சண்டையில பட்ட காயம்னு பட்டாளத்துலேருந்து பேப்பர் வந்தாத்தான் இனிமே உனக்குச் சோறு."

எழுதிப் போட்டார். எக்ஸ்ரே, டாக்டர் சர்ட்டிபிகேட், கோட்டயத்துக்காரரைத் தேடிப்பிடித்து வாங்கிய கடிதம், எல்லாம் சேர்த்து. ஃபைலில் டிராக்டர் இருப்பதால் ஊரில் விசாரிக்கவேண்டும் என்று பதில் வந்தது. முன்னாள் ராணுவத்தார் ஆபீசிலிருந்து விசாரிக்க வந்தவர் கலைவாணன். அவரும் ரிட்டையர்டு ஹவில்தார், நல்ல மனுஷர். ஊர்க்காரர்களுக்கு விஷயம் இன்னதென்று தெரியாது. பட்டாளத்தாருக்கு ஏதோ நல்லது நடக்கப்போகிறது, வாய்விட்டுச் சொன்னால் உதவி என்று மட்டும் புரிந்துகொண்டார்கள். மாரிக்கண்ணுவின் டீக்கடையில் கூட்டம் கூடிவிட்டது.

"நான் கண்ணால பாத்தேங்க" என்றார் மாரிக்கண்ணு. "பெரிய சக்கரம். இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்குது. நான்தான் தோள்ல போட்டுத் தூக்கியாந்தேன்."

"நீங்க எங்க தூக்குனீங்க? எங்க மாமா தூக்குனாரு" என்று இன்னொருவர்.

"தலைமாட்ட உங்க மாமா பிடிச்சாரு. காலு என்கிட்டதானே இருந்துச்சு."

வைத்தியலிங்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தன்னை இரண்டு பேர் சுமந்துகொண்டு போவதை அவரே பார்ப்பதுபோல் இருந்தது. கலைவாணன் எழுதிக்கொண்டே இவரை ஓரக்கண்ணால் பார்த்தார். வாயைத் திறந்து மறுத்தால் ஊரையே பொய்யர்கள் ஆக்கவேண்டும். திறக்கவில்லை.

அப்போது பூமிநாதன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்தான். ஐம்பத்தேழு வயசு, நரைத்த தலை, கைவிரல் இடுக்கெல்லாம் நிலக்கரி. கலைவாணன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஐயா, நான்தாங்க ஏத்துனேன். போதையில இருந்தேன். அண்ணன் போலீசுக்குப் போகலை, என்னைக் காட்டிக்குடுக்கலை. இப்ப சர்க்காரே கேக்குதுல்ல. எழுதிக்குங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

"நல்லா நெனவிருக்கா?" என்றார் கலைவாணன்.

"சக்கரம் ஏறுன சத்தம் இன்னும் காதுல கேக்குதுங்க. மட்டை முறியற மாதிரி. படுத்தா கேக்கும். அண்ணன் அம்மான்னு கத்துனதும் கேக்கும். அதுக்காகத்தான் நான் ஸ்டீரிங்கத் தொடறதில்லை."

வைத்தியலிங்கம் கத்தவே இல்லையே. யாழ்ப்பாணத்திலும் கத்தவில்லை. இல்லாத சக்கரத்துக்கு இவன் காதில் எப்படிச் சத்தம் முளைத்தது? இவர் சொன்னது ஒரு வரி. அதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் முப்பத்தேழு வருஷம் தூங்காமல் கிடந்திருக்கிறான்.

பூமிநாதன் கையெழுத்துப் போட்டான். கிளம்பும்போது கலைவாணன் இவரைத் தனியே அழைத்தார். "அண்ணே, எக்ஸ்ரே ஒரு பக்கம், இந்தக் கையெழுத்து ஒரு பக்கம். இது இருந்தா ஃபைல் மூடிடும். கையெழுத்துப் போட்டவரே வந்து இல்லேன்னு எழுதிக்குடுத்தா மேல அனுப்பறேன். பத்து நாள் வச்சிருக்கேன்."

ஒன்பது நாள் வைத்தியலிங்கம் வெளியே போகவில்லை. பேப்பர் வேண்டாம் என்று விட்டுவிடலாம், யாருக்கும் எதுவும் தெரியாமல் போகும். விட்டால் அவன் காதில் சக்கரம் ஓடிக்கொண்டேயிருக்கும். முன்வரிசை நாற்காலிக்காகச் சொல்கிறோமா, அவனுக்காகச் சொல்கிறோமா என்று அவருக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. வடிவாம்பாள்தான் பத்தாம் நாள் காலையில் பூமிநாதனை வரவழைத்து உட்கார வைத்தாள்.

வைத்தியலிங்கம் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்காட்டிச் சொன்னார். ரோந்து, லீவு, பந்தல், மதகு. சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பூமிநாதன் அந்த மூன்று புள்ளியையும் விரலால் தொட்டுப்பார்த்தான்.

"அப்ப நான் ஏத்தலையா?"

"இல்லடா."

"டிராக்டர் உங்க மேல ஏறவேயில்லை?"

"நீ தூங்கிட்டு இருந்தே, பூமி."

"இல்லண்ணே, சத்தம் கேட்டுச்சே" என்றான். இவர் ஏதோ மறந்துவிட்டதைப் போலவும், தான் ஞாபகப்படுத்துவது போலவும் சொன்னான். எக்ஸ்ரேயிலிருந்து விரலை எடுத்துவிட்டு, "லாரி ஓட்டச் சொல்லி நாலு தடவை கூப்ட்டாங்க" என்றான். வடிவாம்பாள் கொண்டுவந்த காபி ஆறி ஆடை கட்டியது. பிறகு அவனாகவே எழுந்தான். "வாங்க. எழுதிக்குடுத்துட்டு வந்துடலாம்."

கடைசித் தடவையாகக் கேரியரைத் துடைத்தான். ஆபீசில் கலைவாணன் கொடுத்த தாளில், "நான் டிராக்டர் ஏற்றவில்லை. நான் ஏற்றியதாக அவர் சொன்னது பொய். இதற்கு நானே சாட்சி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். வெளியே வந்து சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். கேரியர் காலியாகப் போவதை வைத்தியலிங்கம் படியில் நின்று பார்த்தார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். தனக்கு எவ்வளவு இழுக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

ஊர் அவரை மன்னித்துவிட்டது. மாரிக்கண்ணுவுக்கு மட்டும்தான் வருத்தம். "யார் என்ன சொன்னாலும் நான் தூக்குனேன்யா" என்று இன்றைக்கும் சொல்கிறார்.

இந்த ஐப்பசியில் பேப்பர் வந்தது. போரில் ஏற்பட்ட காயம் என்று முத்திரையோடு போட்டிருந்தது. வடிவாம்பாள் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, "போய் அவன்கிட்ட காட்டிட்டு வா" என்றாள். ஒரு வருஷமாக பூமிநாதன் இவர் தெருப்பக்கம் வரவில்லை. பேப்பரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வயல் வழியாக நடந்தார்.

மதகடியில் எதிரே டிராக்டர் ஒன்று சேறு தெறிக்க வந்தது. ஓட்டுகிறவன் ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் வந்துகொண்டிருந்தான். கிட்டே வந்ததும்தான் பூமிநாதன் என்று தெரிந்தது. வைத்தியலிங்கம் சட்டைக்குள்ளிருந்து பேப்பரை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

டிராக்டர் நின்றது. பூமிநாதன் பேப்பரைப் பார்த்தான், காலைப் பார்த்தான்.

"ஓரமா நில்லுங்கண்ணே" என்றான். "இந்தத் தடவை நெசமாவே ஏத்திடுவேன்."