கைராசிக்காரருக்காகக் காத்திருந்த ஏழு பேர்

1959 நவம்பர் 9, திங்கட்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம், தூறல். என் வலது ஆள்காட்டி விரலின் கட்டைப் பிரித்த டிரெஸ்ஸர் அண்ணன், ஐந்து தையல்களுக்கு நடுவே மஞ்சளாகச் சீழ் நிற்பதைப் பார்த்து டாக்டரம்மாவைக் கூப்பிட ஆளனுப்பினார். மணமேல்குடிப் பக்கம் நிலம் அளக்கப் போன இடத்தில் ஜீப் கதவில் நசுங்கிய விரல் அது. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைவது என் பிழைப்பு. அந்த விரல் போனால் பேனாவை எப்படிப் பிடிப்பேன் என்பதே என் கவலை.

புதுக்கோட்டையில் நான் படுத்திருந்த சிறிய ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போட இருவர் இருந்தார்கள்: இந்த அண்ணனும் புதிதாக வந்த ஒரு நர்ஸும். அண்ணன் பிரித்தால் பஞ்சு ஒட்டியிருந்ததே தெரியாது. கைராசிக்காரர் என்று பெயர். நர்ஸ் வந்தால், "நீங்க போங்கம்மா, அண்ணன் வரட்டும்" என்று திருப்பி அனுப்பிவிடுவோம். நான் இரண்டு தடவை அனுப்பினேன்.

அதன்பின் நான்கு நாள் பென்சிலின் போட்டும் சீழ் அடங்கவில்லை. வலியில் படுத்திருப்பவனுக்கு எண்ணுவதைத் தவிர வேலை ஏது? வார்டில் பதினொரு புண்கள். அண்ணனுக்காகக் காத்திருந்தவர்கள் ஏழு பேர். அதில் ஆறு பேருக்குச் சீழ். அடம்பிடிக்கத் தெரியாமல் நர்ஸிடமே கட்டுப் போட்டுக்கொண்டவர்கள் நால்வர். நான்கு புண்ணும் சுத்தமாக ஆறிக்கொண்டிருந்தன. இதை டாக்டரம்மாவிடம் சொல்ல எனக்கு ஒன்றரை நாள் பிடித்தது.

அவர் கோபிக்கவில்லை. அண்ணனின் மூக்கைப் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சையும் என் சீழையும் சோதிக்க மதுரைக்கு அனுப்பினார். என் சீழில் இருந்த அதே கிருமி, பென்சிலினுக்கு அசையாத கிருமி, அண்ணனின் மூக்கிலும் குடியிருந்தது; அங்கிருந்து கைவழியே எங்கள் புண்களுக்கு வந்திருக்கிறது. அண்ணனுக்கோ ஒரு தும்மல்கூட இல்லை.

"மருந்து அதுக்குப் பழகிப்போச்சுங்களா?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன்.

"பழகலைங்க. கோடிக் கிருமியில ஏதோ ஒண்ணுக்கு மருந்தை உடைக்கிற குணம் பொறக்கும்போதே இருக்கும். தினம் ஊசி போட்டு மத்ததையெல்லாம் கொன்னு, நாமதான் அதுக்கு எடம் ஒழிச்சுக் குடுத்தோம். அதோட வாரிசெல்லாம் அதே குணத்தோட பொறக்குது."

அரை மணிக்கு ஒரு தடவை ஒன்று இரண்டாகும் என்றார். பெருக்கிப் பார்த்தேன். பத்து மணி நேரத்தில், ஒன்றிலிருந்து பத்து லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூற்று எழுபத்தாறு. அந்தக் குணத்தைச் சுமக்கும் மரபணு பக்கத்துக் கிருமிக்கும் கைமாறக்கூடும் என்று பின்னாளில் படித்தபோது, நல்லவேளை, அன்றைக்கு இது தெரியாமல் போயிற்று என்றிருந்தது.

அண்ணனை வேலையை விட்டு அனுப்பவில்லை. மூக்குக்குக் களிம்பு கொடுத்து, சீட்டு எழுதும் மேசையில் உட்கார வைத்தார்கள். சீழ் எலும்பு வரை போய்விட்டதால் என் விரலின் மேல்கணுவை எடுத்த மறுநாள் வார்டு வாசலில் வந்து நின்றார்.

"உள்ள வாங்கண்ணே."

"வேணாம் தம்பி, இங்கிட்டே நிக்கிறேன். என்னாலதானே எல்லாம்."

"நர்ஸம்மாவைத் திருப்பி அனுப்புனது நான். ஒங்க மூக்கா அனுப்புச்சு?"

அவர் சிரித்தார், மூக்கையும் வாயையும் கையால் பொத்திக்கொண்டு.

வேறு மருந்தில் புண் ஆறியது. பேனாவை நடுவிரலில் சாய்த்துப் பிடிக்கப் பழகி, இருபத்திரண்டு வருடம் வரைந்து ஓய்வு பெற்றேன். கோட்டில் ஒருவரும் குறை சொன்னதில்லை. இன்று எந்த மருத்துவமனைக்குப் போனாலும், என்னைத் தொட வருகிறவர்களிடம் கை கழுவினீர்களா என்று கேட்டுவிடுகிறேன். முகம் சுளிக்கிறார்கள், ஆனாலும் கழுவுகிறார்கள். எனக்கு ஆன மொத்தச் செலவு: முப்பத்தொரு நாள் படுக்கை, ஐம்பத்திரண்டு ஊசி, விரலில் ஒரு கணு.