பின்கண்ணாடியில் ஒரு பெயர்

ரொட்டிக் கத்தியால் கேக்கின் முன்பக்கத்து மூலையைச் சீவினாள். சாய்வு வரவில்லை. மினிபஸ்ஸின் முகம் நேராக இறங்காது; நெற்றி சற்றுப் பின்வாங்கி, மூக்கு சற்றுத் துருத்தி இருக்கும். பசீலியா கண்ணை மூடி ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு இன்னும் கொஞ்சம் சீவினாள். விழுந்த துண்டை லிம்பர் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"இது என்னம்மா?"

"பம்பர்."

"பம்பர் நல்லாருக்கு."

அவனுக்கு அன்று நான்கு வயது முடிந்தது. நாய்க்குட்டி கேக் வேண்டுமா, கால்பந்து மைதானம் வேண்டுமா என்று கேட்டதற்கு, நம்ம வண்டி வேண்டும் என்றான். நம்ம வண்டி என்று அவன் சொன்னது முதலாளி தோன் செனோனின் வண்டி. அப்பா நிக்கானோர் அதை ஓட்டினான். பசீலியா அதன் கதவில் தொங்கியபடி ஊர்ப்பெயர்களைக் கூவினாள். தினமும் இரவு வாடகையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். லிம்பர் முன் சீட்டுகளுக்கு நடுவில் போர்வையில் சுற்றிக் கிடந்து வளர்ந்தவன். அம்மா என்று சொல்வதற்கு முன் "சேஹா, சேஹா, சான் பெத்ரோ" என்று சொன்னான்.

பசீலியா கேக் செய்யக் கற்றது கீழே, பள்ளத்தாக்கு நகரத்தில், ஒரு பல்டாக்டர் வீட்டில் வேலைக்கு இருந்தபோது. கல்யாணமாகி மலைமேட்டில் இருக்கும் எல் ஆல்த்தோவுக்கு ஏறி வந்த பிறகு அது பலிக்கவில்லை. இந்த உயரத்தில் கேக் அவசரமாக எழும்பி அதைவிட அவசரமாக உட்கார்ந்துவிடும். பேக்கிங் பவுடரைக் குறைத்தாள், முட்டையைக் கூட்டினாள். குழி விழுந்தவற்றை யாருக்கும் காட்டாமல் தின்று தீர்த்தார்கள். இப்போது தெருவில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் அவளிடம்தான் வருகிறார்கள்.

வெள்ளை கிரீமை உடம்பெல்லாம் பூசினாள். பக்கவாட்டில் நீலக் கோடு. ஜன்னல்களுக்கு நீல ஜெல்லி, சக்கரங்களுக்குச் சாக்லேட் பிஸ்கட். சறுக்குக் கதவின் அடியில் ஊசிமுனையால் ஒரு கீறலும் போட்டாள்.

நிக்கானோர் குனிந்து பார்த்தான். "கதவு திறக்குமா?"

"தூக்கி இழுத்தா திறக்கும்."

அவன் சிரித்துக்கொண்டே அலமாரியிலிருந்து தகர வண்டியை எடுத்து வந்து கேக்கின் பக்கத்தில் வைத்தான். விரல் நீளம்தான் இருக்கும். ஜனவரிச் சந்தையில் வாங்கியது. அந்தச் சந்தையில் வீடு, மாடு, பணக்கட்டு எல்லாமே பொம்மையாக விற்கும். வாங்கிப் புகை காட்டி, சாராயம் தெளித்து வைத்துக்கொண்டால் அந்த வருடத்துக்குள் நிஜமாக வரும். வருடம் பாதிக்கு மேல் போய்விட்டது.

"பாரு பசீ. சின்னது பெருசாயிருக்கு. அடுத்தது நிஜ வண்டிதான்."

தோன் செனோன் வண்டியை விற்கப்போகிறார் என்பது ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரூரோவிலிருந்து ஒருவன் வந்து அடியில் படுத்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். ஆனால் லிம்பரின் ஞானஸ்நானத்தன்று தோன் செனோன், பையனைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வண்டி ஒருநாள் உங்களுக்குத்தான் என்று சொன்னார். பீர் குடித்திருந்தார். என்றாலும் சொன்னார். அவர்தான் பையனின் ஞானத்தந்தை. அன்றிலிருந்து அந்த உறவுமுறையில் நிக்கானோரை அவர் கொம்பாத்ரே என்பார், அவளை கொமாத்ரே என்பார். இவர்கள் அவரைக் கொம்பாத்ரே என்பார்கள். இன்றைய கேக்குக்கும் அவர்தான் ஞானத்தந்தை: செலவு அவருடையது, முதல் வெட்டும் அவருடையது.

"இன்னைக்குக் கேட்டுடறேன்," என்றான் நிக்கானோர். "முன்பணம் இருக்கு. மீதியை வாடகை மாதிரி கொடுத்துடலாம். கேக் வெட்டினதும் கேட்டுடறேன்."

பெயர் மட்டும்தான் பாக்கி. பக்கமெல்லாம் ஜன்னல், மேலே சாமான் கம்பி. பின்னால்தான் இடம் இருந்தது. பின்கண்ணாடியில் சிவப்புக் கிரீமால், பெயின்டர் எழுதுவதுபோல வாலைச் சுழித்து, லிம்பர் என்று எழுதினாள்.

நிக்கானோர் அதைப் பார்த்தான். "என்ன பண்ணியிருக்க பசீ?"

"பேரு எழுதினேன். பொறந்தநாளுக்குப் பேரு வேணாமா?"

"அது யெசெனியா இருக்க வேண்டிய இடம்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. யெசெனியா தோன் செனோனின் மகள். இங்கே எந்த வண்டியின் பின்கண்ணாடியிலும் அதை வாங்கியவனின் பிள்ளை பெயர்தான் இருக்கும். வேறு பெயர் வந்தால் வண்டி கை மாறிவிட்டது என்று அர்த்தம். அவள் கத்தியை எடுத்து வழிக்கப் போனாள். அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"இருக்கட்டும். வாயால கேக்கறதைவிட இது நல்லாருக்கு. அவரே படிக்கட்டும்."

"வேணாம் நிக்கா."

"இருக்கட்டும்னு சொல்றேன்ல."

தோன் செனோன் இரண்டு கையிலும் சோடா பாட்டில்களோடு வந்தார். பையனின் தலையில் வண்ணக் காகிதத் துணுக்குகளைக் கைநிறையக் கொட்டினார். கொஞ்சம் கேக்கின் கூரையிலும் விழுந்தது. புது வண்டிக்குத் தூவும் அதே துணுக்குகள்தான். நிக்கானோர் மனைவியைப் பார்த்து முகம் மலர்ந்தான்.

"அட, இது நம்ம வண்டி!" என்றார் தோன் செனோன். "கீறலைக்கூட விடலையே கொமாத்ரே. இது உன் புருஷன் போட்டது. அன்னைக்கே வாடகையில ஏத்தியிருக்கணும்."

"அது நாய் குறுக்க வந்துச்சு கொம்பாத்ரே," என்றான் நிக்கானோர்.

"நாய் எங்க இருந்துச்சு, பீர்க்கடையிலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே அவர் மேசையைச் சுற்றிப் பின்பக்கம் வந்தார். படித்தார். தொப்பியைக் கழற்றித் திரும்பவும் போட்டுக்கொண்டார்.

பக்கத்து வீட்டு தோன்யா எவுலாலியாவுக்கு எதையும் சும்மா விடத் தெரியாது. "என்ன தோன் செனோன், வண்டி கை மாறிடுச்சு போல! எங்களுக்குப் பீர் எங்க?"

மறுபடி சிரிப்பு. தோன் செனோனும் சிரித்தார், கடைசியாக.

பிறந்தநாள் பாட்டு முடிந்தது. பசீலியா கத்தியை அவரிடம் கொடுத்தாள். அவர் அதைக் கூரைமேல் வைத்தார். அழுத்தவில்லை.

நிக்கானோர் குனிந்து தணிந்த குரலில் சொன்னான்: "சக்கரத்தை மட்டும் எடுத்துக் கொடுங்க கொம்பாத்ரே. வண்டியை வெட்ட வேணாம். வேண்டிக்கிட்டது மாதிரி ஆயிடுச்சு. வெட்டினா கைக்கு வராது."

"நான் பம்பரைத் தின்னுட்டேன்," என்றான் லிம்பர்.

"கேக்! கேக்!" என்று பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள்.

வேறு நாளாக இருந்தால் தோன் செனோன், மாவும் முட்டையும்தானே என்று ஒரே வெட்டாக வெட்டியிருப்பார். இன்று கத்தி அசையவில்லை. பசீலியா அவர் முகத்தைப் பார்த்தாள். நடைபாதையில் நிற்கும் நூறு பேரில் யார் ஏறுவார்கள், யார் சும்மா நிற்கிறார்கள் என்று ஓடுகிற வண்டியிலிருந்து பார்த்துச் சொல்வது அவள் தொழில். இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டதைச் சொல்லக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருப்பவனையும் அவளுக்குத் தெரியும். இது அந்த முகம். கொடுக்க நினைப்பவருக்கு இந்தப் பெயர் ஒரு வேடிக்கை. இன்னும் யோசிப்பவருக்குக் கோபமாவது வரும். இவருக்கு இரண்டும் இல்லை.

நிக்கானோர் தொண்டையைச் செருமினான். கேட்கப்போகிறான். கேட்டால் இத்தனை பேர் முன்னால், பையன் தலையில் காகிதத் துணுக்கோடு நிற்கும்போது, அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அவள் கத்தியை அவர் கையிலிருந்து வாங்கிக் கூரையில் இறக்கினாள்.

"முன் சீட்டு யாருக்கு? ஜன்னலோரம் யாருக்கு? சேஹா, சேஹா, சான் பெத்ரோ! ரெண்டு சீட்டு காலி, ரெண்டே சீட்டு! தட்டைக் கையில ரெடியா வச்சுக்க! சில்லறை இல்லாதவங்க இறங்கிக்கோங்க!"

கதவில் கூவும் அதே குரல். பிள்ளைகள் கத்திக்கொண்டு வந்து மொய்த்தார்கள். ஜன்னல் ஜன்னலாக வெட்டிக் கொடுத்தாள். பெயர் இருந்த கண்ணாடியை உடையாமல் எடுத்து லிம்பரின் தட்டில் வைத்தாள். அவன் சிவப்பு வாலை முதலில் நக்கினான்.

"ஏன் பசீ?" என்றான் நிக்கானோர்.

"பசங்க பசியா இருக்காங்க."

"எனக்கு எது?" என்று தோன் செனோன் தட்டை நீட்டினார்.

"இன்ஜின்."

"இன்ஜின் எப்பவோ போயிடுச்சு கொமாத்ரே."

"போகலை. நாங்கதானே ஓட்டறோம்."

அவர் தட்டோடு அவள் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தார். அவள் தேநீர்க் கோப்பைகளை எடுத்தாள்.

"வண்டி ஒரூரோக்காரருக்கா?"

"வியாழக்கிழமையே கை கொடுத்துட்டேன். பணமும் வாங்கியாச்சு. யெசெனியா படிப்புக்கு ஒரே தொகையா வேணும். நீங்க கொஞ்சம் கொஞ்சமாத்தானே கொடுப்பீங்க? சாப்பிட்டப்புறம் சொல்லலாம்னு வந்தேன். கேக்குல அந்தப் பேரைப் பார்த்ததும்..."

"நாளைக்கு நீங்களே நிக்காகிட்ட சொல்லிடுங்க. இன்னைக்கு வேணாம்."

"நீ பண்ணின கேக் நல்லாருக்கு கொமாத்ரே."

"உங்க காசுதான்."

மறுநாள் திங்கட்கிழமை. தோன் செனோன் காலை ஏழு மணிக்கு ஸ்டாண்டுக்கு வந்து நிக்கானோரைத் தனியாக அழைத்துப் பேசினார். அன்றைக்கு மதியம்வரை ஓட்டிக்கொள்ளச் சொன்னார். வாடகை வேண்டாம் என்றார். அவர்கள் ஓட்டினார்கள். மதியம் ஒரூரோக்காரன் ஒரு டிரைவரோடு வந்தான். கதவைத் தூக்கி இழுக்க வேண்டும் என்று நிக்கானோர் அந்த டிரைவருக்குக் காட்டினான். பசீலியா தன் குஷனையும் சில்லறைப் பையையும் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வேறொரு மினிபஸ்ஸில் வந்தார்கள். கதவில் நின்ற பெண்ணுக்குத் தொண்டை கட்டியிருந்தது. பசீலியா அவளிடம் இரண்டு பேருக்கும் காசு கொடுத்தாள். வழியில் நிக்கானோர், நீ வெட்டியிருக்கக் கூடாது என்றான். வியாழக்கிழமையே முடிந்துவிட்டது என்றாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

லிம்பர் மிச்சமிருந்த சக்கரங்களைத் தேநீரில் நனைத்துத் தின்றான். நாலு மணிக்கு நிக்கானோர் முகத்தைக் கழுவிக்கொண்டு, யாருடைய வண்டிக்காவது டிரைவர் வேண்டுமா என்று விசாரிக்கச் சங்க அலுவலகத்துக்குப் போனான். அலுவலகம் மூடியிருந்தது. செவ்வாய்க்கிழமை திறக்கும் என்றார்கள்.