நரம்புத் தளர்ச்சிங்க, வேற ஒண்ணுமில்லீங்க

பிசியோதெரபிஸ்ட் என்ற வேலைக்கு ஏற்காட்டில் இன்னும் ஒரு பெயர் கிடைக்கவில்லை. 'எக்சர்சைஸ் அம்மா' என்கிறார்கள், நானும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். கடைவீதிக்கு மேலே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் என் அறை. முதுகுவலி, முழங்கால் வலி, பஸ்ஸிலிருந்து விழுந்தவர், மரத்திலிருந்து விழுந்தவர் எல்லாம் வருவார்கள். ஆனால் குடியால் வந்தது என்று சொல்லிக்கொண்டு இதுவரை ஒருவர்கூட வந்ததில்லை. "நரம்புத் தளர்ச்சிங்க" என்பார்கள். கூட வந்த மனைவி சுவரைப் பார்ப்பார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நரம்புத் தளர்ச்சி இருந்தால், நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. துணைக்கு ஆள் உண்டு என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம்.

தொங்கிய கை

சேகர் ஜீப் ஓட்டுகிறவர். ஒரு திங்கட்கிழமை, வலது கையை இடது கையால் தூக்கிக்கொண்டு வந்தார். மணிக்கட்டு தொங்கியது. விரலை நீட்டுங்கள் என்றேன். விரல்களை உற்றுப் பார்த்தார்; அவை அசையவில்லை. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அவருடைய அம்மா அதற்குள் முடிவு செய்து, பையில் எலுமிச்சம்பழத்தோடு வந்திருந்தார்.

விசாரித்தேன். முந்தின நாள் ஒரு கல்யாணத்தில் நன்றாகக் குடித்துவிட்டு, ஜீப் சீட்டின் முதுகில் கையைத் தொங்கப்போட்டபடி விடியும்வரை தூங்கியிருக்கிறார். மேல்கை எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. அது நசுங்கினால் கை மரத்துப்போவது நமக்குத் தூக்கத்திலேயே தெரிந்து, புரண்டு படுத்துவிடுவோம். குடித்த மூளை அந்தச் செய்தியை வாங்கிக்கொள்வதில்லை. மணிக்கட்டைத் தாங்க ஒரு பட்டை கட்டி, பயிற்சி சொல்லிக்கொடுத்து, சில வாரங்களில் சரியாகிவிடும் என்றேன். குடியைப் பற்றியும் சொன்னேன். சேகர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப பிராந்தி ஒண்ணும் பண்ணலீங்க, சீட்டுதானுங்க பண்ணிருக்குது. சீட்டை மாத்திடறேனுங்க."

செருப்புக் கடைக்காரர் மேல் புகார்

சின்னையன் செம்மநத்தத்துக்காரர். நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் மிளகு பறிக்கிற வேலை. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணியைச் சாத்தி, உச்சி வரை ஏறிப் பறிக்க வேண்டும். பறித்ததைக் கணக்கெழுதுகிற ரைட்டர் எடைபோட்டு வாங்குவார். அவர் வந்தது காலுக்காக அல்ல, செருப்புக்காக. நடக்கும்போது செருப்பு கழன்றுவிடுகிறதாம், எங்கே விட்டோம் என்றே தெரிவதில்லையாம். வேறு செருப்பு வாங்கியும் அதே கதை. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்பது அவர் கட்சி.

கண்ணை மூடச் சொல்லி, பாதத்தைப் பஞ்சால் தொட்டேன். "எப்ப தொடுவீங்க?" என்று கேட்டார். கணுக்கால் வரை தொட்டாயிற்று. கால் விரலிடுக்கில் ஓர் அட்டை கடித்து ரத்தம் காய்ந்திருந்தது. அதுவும் அவருக்குச் செய்தி. குடி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும், அதிலும் நீளமான நரம்பைத்தான் முதலில் பிடிக்கும், அதனால்தான் பாதம் என்று விளக்கினேன். ஏணியின் படியே காலுக்குத் தெரியாமல்தான் இவர் மரம் ஏறிக்கொண்டிருக்கிறார். இனி ஏறக்கூடாது, டாக்டரைப் பார்த்து இங்கேயே படுத்துக் குடியை நிறுத்துங்கள், நீங்களாக ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள் என்று அழுத்திச் சொன்னேன். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி ராணி திரும்பினார்.

"செருப்பு போனது தெரியலைங்க, அட்டை கடிச்சது தெரியலைங்க. பிராந்திக் கடை தொறக்குற நேரம் மட்டும் எப்படிங்கம்மா தெரியுது?"

கயிறு கட்டியபின்

சின்னையன் நான் சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டார். நேராகக் கோயிலுக்குப் போய், இனித் தொடமாட்டேன் என்று கையில் கயிறு கட்டிக்கொண்டு, அன்றைக்கே நிறுத்திவிட்டார். ஊரே பாராட்டியது. மூன்றாம் நாள் வலிப்பு வந்து, ஜீப்பில் போட்டுக் கொண்டுவந்தார்கள். அந்தக் கயிற்றின் மஞ்சள்கூட இன்னும் போகவில்லை.

குடி மூளையை அமுக்கிக்கொண்டே இருக்கும். மூளையும் பதிலுக்கு வருடக்கணக்கில் எதிர்த்துத் தள்ளிப் பழகியிருக்கும். அமுக்குகிற கை திடீரென்று விலகினால் மொத்தமாகப் பொங்கிவிடும், ஆளே போய்விடக்கூடும் என்று எங்கள் டாக்டர் ராணியிடம் ஒளிக்காமல் சொன்னார். ஊசிகள் போட்டோம். நான் வார்டுக்குப் போனபோது சின்னையன் படுத்தபடியே போர்வையிலிருந்து மிளகு பறித்துக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் வேர்வை, கை நடுக்கம், ஆனால் பறிப்பில் மட்டும் பிசகே இல்லை. ராணி அவர் கைக்குக் கீழே ஒரு துண்டை விரித்துப் பிடித்தபடி நின்றார். எதற்கு என்று கேட்டேன். அவர் கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது.

"பிடிக்கலீன்னா கீழ சிந்துது, ரைட்டர் திட்டுவாருன்னு அழுவுறாருங்க."

ஏரிக்கரையிலிருந்து

மலையில் சாராயம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ஒரு மதியம் ஏரிக்கரை லாட்ஜ் ஆட்கள், ஊர் சுற்றிப்பார்க்க வந்த ஓர் இளைஞரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். கஞ்சா. இதயம் நிற்கப்போகிறது என்று நடுங்கினார். டாக்டர் பரிசோதித்துவிட்டு, பயம்தான், அமைதியாக உட்காரட்டும் என்று என் அறைக்கு அனுப்பினார். "ஒண்ணுமில்ல கண்ணு, தண்ணி குடி" என்று எங்கள் நர்ஸ் தட்டிக்கொடுத்தார். நேரத்தை அளக்கிற வேலையும் மூளையுடையதுதான். கஞ்சா அதைக் கலைத்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடித்து முடித்தவர், என்னைக் கவலையோடு பார்த்தார்.

"மேடம், நான் எத்தனை நாளா இங்க இருக்கேன்? எங்க வீட்டுக்குச் சொல்லிட்டீங்களா?"

நான் சாப்பிட்ட கல்யாணம்

தேவராஜ் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பாட்டை விட்டுவிட்டுக் குடித்தே காலம் தள்ளியதில், மூளைக்கு வேண்டிய ஒரு வைட்டமின் வற்றி, நடை தள்ளாடியது. புது நினைவு எதுவும் தங்கவில்லை. ஊசி போட்டதில் நடை கொஞ்சம் தேறியது. நினைவு தேறவில்லை. நினைவு இல்லாத இடத்தில் மூளை தானே ஒரு கதையை வைத்து நிரப்பிக்கொள்ளும். அது பொய் இல்லை. சொல்கிறவருக்கு அது நடந்ததுதான்.

தினமும் காலையில் அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லா அவரைக் கூட்டிவருவார். தினமும் நான் அவருக்குப் புதிய ஆள். ஒருநாள் மட்டும் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வாங்க வாங்க, எம் பொண்ணு கல்யாணத்துக்கு வந்திருந்தீங்களே. பாயசம் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினீங்க. சர்ச்சே நெறஞ்சிருந்துச்சுங்க" என்றார். ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வந்த இரண்டு சம்பந்தங்களும் அப்பாவின் குடியால் பேச்சோடு நின்றுவிட்டன என்று நர்ஸ் சொல்லியிருந்தார். பாயசம் நன்றாக இருந்தது என்றேன். ஸ்டெல்லா அப்பாவின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டபடியே சொன்னார்.

"மாப்பிள்ளை நல்லவருங்களான்னு கேட்டுச் சொல்லுங்க மேடம், எனக்கும் தெரியணும்."

வைத்தியம் சேரவில்லை

சின்னையன் பிழைத்துக்கொண்டார். நடுவில் ஒருமுறை சறுக்கி மறுபடி குடித்தார். இந்தத் தடவை அவராகவே வந்து வார்டில் படுத்தார். எஸ்டேட்டில் அவரை மரம் ஏற விடாமல், காப்பிக்கொட்டை காயப்போடுகிற களத்தில் வேலை கொடுத்தார்கள். என் அறையில் தரையில் ஒரு கோடு போட்டு, குதிகாலும் விரலும் தொட நடக்கவைத்தேன். முதலில் சுவரைப் பிடித்தார், பிறகு ராணியைப் பிடித்தார், பிறகு எதையும் பிடிக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டேன். "கட்டைவிரல்... சுண்டுவிரல்" என்று சரியாகச் சொன்னார். எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. அவருக்கோ, கால் எரிகிறது என்ற புகார். கெட்ட நரம்பு திரும்ப உயிர்பிடிக்கும்போது எரியும், பொறுத்துக்கொள்ளுங்கள், மாத்திரை இருக்கிறது என்றேன். அவர் சமாதானமாகவில்லை.

"குடிச்சப்பெல்லாம் காலு பஞ்சு மாதிரி சொகமா இருந்துச்சுங்க. இப்ப களத்துல கால வெச்சா நொம்ப சுடுதுங்க. உங்க வைத்தியம் எனக்குச் சேரலீங்கம்மா."

வலி போக வேண்டும் என்று எல்லோரும் வருகிற அறையில், வலி வந்துவிட்டது என்று ஒருவர் சண்டைக்கு வரும்போது மனசு குளிர்கிற வேலை இது என்று விளக்க வராததால்தான், நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்கிறவர்களிடம் 'எக்சர்சைஸ் அம்மா' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.