இடது கன்னத்து மச்சம்

லிஃப்ட் பழுது பார்க்கும் அவனுக்கு, உடன் வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ‘கிளிக்கு’. மதியம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தால், இவன் மட்டும் தண்ணீர் பாட்டிலுக்குள் விழும் வெயிலைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருப்பான். பசி வந்தால் பத்தும் பறந்துபோகிற ஆளில்லை.

அவனுடைய அக்கா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்பவள். வேறு ஊரில் வேலைக்குப் போயிருக்கும் மகள், அறையில் மாட்ட அம்மா படம் ஒன்று கேட்டிருந்தாள். “நீயே எடுத்துக் குடுடா” என்று அக்கா சொன்னதும் இவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அக்காவின் இடது கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கருமச்சம். பள்ளிக்கூடத்தில் படம் எடுத்தவரிலிருந்து அடையாள அட்டைக்குப் படம் எடுத்தவர்வரை எல்லாரும் “கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்கம்மா” என்றவர்கள்தான். தம்பி ஒருநாளும் சொன்னதில்லை.

ஞாயிறு காலை அக்கா வீட்டு ஜன்னலோரம் நாற்காலி போட்டான். ஃபிளாஷ் வேண்டாம், முகம் சப்பையாகிவிடும். நிழல் விழும் பக்கம் வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டான். வெளிச்சம் பட்டுத் திரும்பி வரட்டும் என்று. போன் திரையில் அவள் கண்ணைத் தொட்டு ஃபோகஸ் வைத்தான். அக்கா ஏதோ ஆஸ்பத்திரிக் கதை சொல்லி, தன்னை மறந்து நேராகப் பார்த்துச் சிரித்தாள். அழுத்திவிட்டான். அப்படி ஒரு படம் அவன் வாழ்நாளில் எடுத்ததில்லை.

தன் வீட்டுக்கு வந்து, போனிலேயே படத்தின் சாய்வை நிமிர்த்தினான், நிழல் பக்கத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினான். அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. கறை நீக்கும் கருவியை எடுத்து மச்சத்தின்மேல் நாலு தடவை தேய்த்தான். காணாமல் போனது. நகல் எடுத்து வைத்துக்கொண்டு திருத்த வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவன், பழைய படத்தின்மேலேயே சேமித்து, மகளுக்கு அனுப்பும் முன் அக்காவிடம் காட்ட ஓடினான்.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கா. யாரு இவ?”

“அக்கா, சும்மா அழகா இருக்கட்டுமேன்னு...”

“என்னைத் திரும்பச் சொல்லாத ஒரே ஆளு நீன்னு நெனச்சேன்டா.”

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பழையதைத் தேடினான், எங்கேயும் இல்லை.

“அழிஞ்சுபோச்சுக்கா. என் புத்தியைச் செருப்பாலதான் அடிக்கணும். இன்னொரு தடவை உக்காருவியா?”

அக்கா உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். இனி தன் முன்னால் உட்காரவே மாட்டாள் என்று நினைத்தான். கிளம்பிவிடலாமா என்று எழுந்தபோது, ஈரக் கையோடு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பழக்க தோஷம், முகம் தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

அவன் போனைத் தூக்கவில்லை. நேராகத் திரும்பு என்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்கும் யோக்கியதை தனக்கில்லை என்று நினைத்தானோ என்னவோ.

அக்கா மெதுவாக நேராக வந்தாள். சிரிக்கவில்லை. அவன் அழுத்தினான், போன் ஆடிப் படம் லேசாகக் கலங்கியிருந்தது.

“ஆடிருச்சுக்கா. இன்னொண்ணு எடுக்கறேன்.”

“நான்தானே இது?”

“ஆமா.”

“அப்ப கை வைக்காதே. அப்படியே அனுப்பு.”