வந்தாச்சு

“பெயரில்லாத பட்டன்.” பள்ளிக்குள் நுழைந்ததும் என் கைபேசி இதை நான்கு முறை சொல்லும். எங்கள் வருகைச் செயலியில் வருகை, தாமதம், விடுப்பு, வெளிவேலை என்று நான்கு பட்டன்கள். பார்வை உள்ளவர்களுக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்களாம். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரலை நம்பி வாழ்கிற எனக்கு நான்கும் ஒன்றுதான். எது எது என்று தடவிக் கண்டுபிடிப்பதற்குள் திரை மூடிக்கொள்ளும். பட்டனுக்குப் பெயர் எழுதுவது பெரிய காரியமில்லை. பள்ளி நிர்வாகத்துக்கு மூன்று கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து மலையடிவாரத்துக்கு பஸ் ஏறி, யார் கையையும் பிடிக்காமல் படியேறி, எட்டாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறவன் நான். ஆனால் வந்துவிட்டேன் என்று சொல்ல மட்டும் இன்னொருவர் விரல் வேண்டியிருந்தது. அது சமூக அறிவியல் டீச்சருடைய விரல். வளையல் சத்தத்தோடு என் மேஜைக்கு வருவார். “இன்னா சார், இன்னும் தடவிக்கினே கீறீங்களா? இப்டி குடுங்க.” அழுத்திவிட்டு, “சாருக்குக் கண்ணே நான்தான்” என்று அறை முழுக்கக் கேட்கச் சொல்வார். நல்ல மனசுதான். ஆனாலும் ஒன்றரை வருடம், தினமும் காலையில் எனக்குச் சுருக்கென்றிருந்தது. எலவனாசூர்கோட்டைக்கு ஒரு கல்யாணத்துக்கு அவர் போன அன்று, ஐந்து பீரியடு நின்று பாடம் நடத்திய நான், செயலியில் ‘வரவில்லை’.

அந்த வாரமே, திரும்பத் திரும்பச் செய்கிற சின்ன வேலைகளைக் கைபேசியே செய்யும்படி பழக்கும் செயலி ஒன்றை இறக்கினேன். ஞாயிறு முழுக்க உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். ஒலி பட்டனை இருமுறை அழுத்தினால் வருகைச் செயலியைத் திற, நான்கு விநாடி பொறு, டீச்சர் தினமும் அழுத்துகிற முதல் பட்டனைத் தொடு, ‘வந்தாச்சு’ என்று சொல். திங்கட்கிழமை இயர்போனில் அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் இயர்போனை வீட்டில் மறந்துவிட்டேன். கைபேசி சத்தமாக ‘வந்தாச்சு’ என்றபோது பள்ளித் தாளாளர் பின்னால் நின்றிருக்கிறார்.

“மெஷினு உங்களுக்கு அட்டெண்டன்ஸ் போடுதா? அப்போ வூட்ல படுத்துக்கினே போடலாமே.”

பள்ளிச் சுவரைத் தாண்டினால் அந்தச் செயலி வருகையை ஏற்காது. அதைக் கூட்டம் போட்டு எங்களுக்குச் சொன்னவரே அவர்தான். மறுநாள் மெமோ வந்தது. மோசடிக்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும், தவறினால் வேலையிலிருந்து நிறுத்தம். அடுத்தவர் விரலால் போட்டால் உதவி, என் கைபேசியால் நானே போட்டால் மோசடியா? இந்தக் கேள்வியை அப்படியே எழுதலாம். ஆனால் ஒருவர் வருகையை இன்னொருவர் போடுவதும் விதிப்படி குற்றம். எழுதினால் டீச்சரும் மாட்டிக்கொள்வார்.

அவரிடம் சொன்னேன். கைபேசியை நீட்டுவதை நான் நிறுத்தியதிலிருந்து அவர் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. வளையல் சத்தத்தோடு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எழுதுங்க சார். தெனம் நான்தான் போட்டேன்னு எழுதுங்க. மோசடின்னா எனக்கும் சேத்து மெமோ குடுக்கட்டும்.”

நான் கணினியில் அடித்த விளக்கத்தின் கீழே அவரும் கையெழுத்துப் போட்டார். இத்தனை நாள் மனதுக்குள் இவரைத் திட்டிக்கொண்டிருந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

நடவடிக்கை இல்லை என்று பதில் வந்தது. கூடவே ஒரு வரி. டீச்சர்தான் வாசித்தார்: “இனி வருகையைச் சக ஆசிரியர் உதவியுடன் பதிவு செய்யவும்.” வாசித்துவிட்டு, “இவங்களுக்கு இன்னா சொல்லியும் ஏறாது சார்” என்றார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. பட்டன்களைப் பற்றி மூச்சே இல்லை.

டீச்சர் இப்போது நைனார்பாளையம் பக்கம் வேறு பள்ளியில் இருக்கிறார். பட்டன்களுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அந்த உத்தரவுக்கு நான் ஒருநாளும் கீழ்ப்படியவில்லை. இயர்போனும் போடுவதில்லை. தாளாளர் அறை வாசலில் நின்று, சத்தத்தை முழுவதும் கூட்டிவைத்து அழுத்துகிறேன்.

“வந்தாச்சு.”