நீலக் குஞ்சின் தகப்பன் யார்

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் ஓட்டோ ஓடிக்கொண்டிருந்த நான், ஒரு பறவையின் மானத்தை வாங்கியவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பிவிட்டது. ஆனாலும் உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு.

மருதானையில் குருவி விற்கும் ஒரு முஸ்லிம் நானாவிடம் பச்சை லவ்பேர்ட்ஸ் சோடி ஒன்று வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டைத் திறந்து அறைக்குள் பறக்க விடுவேன். நான் வாடகைக்கு இருந்த வீட்டின் மேல்மாடியில் ஒரு சயன்ஸ் ரீச்சர் குடியிருந்தார். ஊர் யாழ்ப்பாணம். புருஷன் கனடாவில், இவர் விசாவுக்குக் காத்திருந்தார். பேச்சுத் துணைக்கு ஒரு நீலச் சேவல் லவ்பேர்ட் மட்டும். அது படிக்கட்டு வழியே இறங்கி என் அறைக்கும் வந்து போகும்.

என் சோடி நாலு குஞ்சு பொரித்தது. இறகு முளைத்தபோது மூன்று பச்சை, ஒன்று பளிச்சென்ற நீலம். மேலே ஓடினேன்.

“ரீச்சர், உங்கட நீலன் என்ர குடும்பத்தைக் கெடுத்துப்போட்டான்!”

“என்னண்ணை சொல்லுறியள்?”

“தாய் பச்சை, தகப்பன் பச்சை. பிள்ளை நீலம். ஊர் என்ன கதைக்கும்?”

“ஊர் கதைக்கேல்லை. நீங்கள்தான் கத்துறியள்.”

கத்தியது கேட்டு வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். “சண்டை வேண்டாம். அந்த நீலக் குருவியை வெளியில குடுத்திடுங்கோ, பிள்ளை.”

ரீச்சரின் முகம் வாடியது. கலண்டர்த் தாளைக் கிழித்து நாலு கட்டம் கீறினார்.

“அண்ணை, ஒவ்வொரு குஞ்சுக்கும் தாயிட்ட இருந்து ஒரு துண்டு, தகப்பனிட்ட இருந்து ஒரு துண்டு. பச்சையும் நீலமும் சேர்ந்தா வெளியில பச்சைதான். நீலம் உள்ளுக்கை ஒளிச்சிருக்கும். உங்கட ரெண்டும் அப்படித்தான். ரெண்டு நீலத் துண்டும் ஒண்டா விழுந்தா நீலக் குஞ்சு.”

“அப்ப நாலுக்கு ஒண்டு கட்டாயம் நீலமோ?”

“கட்டாயமில்லை. ஒவ்வொரு குஞ்சுக்கும் புதுசாச் சீட்டு எடுக்கிற மாதிரி. ஒண்டும் வராமலும் போகலாம்.”

வீட்டுச் சொந்தக்காரர் ஒரு வழி சொன்னார். நீலன் கொட்டாஞ்சேனையில் ரீச்சரின் சிநேகிதி வீட்டில் இருக்கட்டும். அடுத்த முறை என் சோடிக்கு நீலக் குஞ்சு வந்தால், நீலன் திரும்பி வரலாம். வராவிட்டால் அங்கேயேதான்.

அடுத்த முறை ஐந்து முட்டை. ஐந்தும் பொரித்தன. ரீச்சர் காலையும் மாலையும் வந்து கூட்டுக்குள் எட்டிப் பார்ப்பார். முதலாவது பச்சை. இரண்டாவது பச்சை. மூன்றாவதுக்கு நான் கை தட்டினேன். நாலாவதும் பச்சையானபோது தட்ட மனம் வரவில்லை. ரீச்சர் படியேறிப் போனார். அன்றிரவு, கடைசிக் குஞ்சு நீலமாகட்டும் என்று என் கட்சிக்கு எதிராக நானே பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன்.

இரண்டு நாளில் அந்தக் கடைக்குட்டியின் சிறகோரத்தில் நீலம் எட்டிப் பார்த்தது. “ரீச்சர்!” என்று நான் கத்திய கத்தலில் தெருவே வாசலுக்கு வந்தது.

அப்படியே கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோவை விட்டேன். நீலனோடு திரும்பும் வழியில் செக்பொயிண்டில் ஆமிக்காரன் கூட்டைப் பார்த்து, சிங்களத்தில், “இது யார்?” என்றான்.

“பிழையாப் பிடிச்ச ஆள், சேர். இண்டைக்குத்தான் விடுதலை” என்று சிங்களத்திலேயே சொன்னேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. அவன் சிரித்துவிட்டான்.

வீட்டில் கூட்டை ரீச்சரிடம் நீட்டி, “மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றேன்.

“என்னட்டை ஏனண்ணை? அவரிட்டைக் கேளுங்கோ.”

தெரு பார்க்க நீலனுக்கு முன்னால் குனிந்து, கம்பிக்குள் விரலை நீட்டினேன். நறுக்கென்று கடித்தான்.

“இன்னும் ஒருக்கா!” என்று நீலனுக்குச் சொன்னார் ரீச்சர்.